எஞ்சிய மீன்கள்

இன்று காலை தரம் ஆறில் கணித அலகுப் பரீட்சை. கணித ஆசிரியர் லீவு என்பதால், விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் மேற்பார்வைக்குப் போனேன். வாங்குகளுக்கு இடையே நடக்கையில் ஒரு பிள்ளையின் வினாத்தாளில் கண் நின்றது. ‘எஞ்சிய’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, மேலே பென்சிலால் ‘மிச்சம்’ என்று எழுதியிருந்தாள். உங்களை ஒருநாளும் கண்டிராத பிள்ளை. அதன் பிறகு பரீட்சை முடியும்வரை, நீங்கள் உள்ளே வரப்போவதுபோல, வாசற்பக்கம் பார்த்தபடியே நின்றேன், டீச்சர்.

நாம் இருவரும் ஒரே கிழமையில் இந்தப் பள்ளிக்கு நியமனம் பெற்று வந்தவர்கள், நீங்கள் கணிதத்துக்கு, நான் விஞ்ஞானத்துக்கு. நீங்கள் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி, சீனன்குடாவில் பஸ் மாறி வருவீர்கள். நான் நகரத்திலிருந்து. ஓய்வறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் பதினாலு வருடம் இருந்தோம். கடைசிவரை ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டோம்.

அந்த ஆசிரியர் கூட்டம் நினைவிருக்கிறது. கணிதப் பெறுபேறுகளைப் பார்த்துவிட்டு அதிபர் சொன்னார்: “மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். கணக்கு ஏறாது.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். நீங்கள் மட்டும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள்.

“ஏறாது எண்டு எப்படிக் கண்டுபிடிச்ச நாம, சேர்? ஒருத்தரும் இன்னும் பார்க்கல்லையே. நான் பார்க்கப் போறன்.”

செயல்நிலை ஆய்வு பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்திருந்தது. ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்ந்து, கண்டதை வைத்துத் தன் கற்பித்தலை மாற்றி, அடுத்த சுற்றில் மீண்டும் ஆராய வேண்டும் என்றார்கள். நாங்கள் ஃபைலையும் தேநீரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். நீங்கள் தடித்த கொப்பி ஒன்று வாங்கினீர்கள்.

“இதெல்லாம் பட்டத்துக்குப் படிக்கிற ஆக்களிட வேலை, டீச்சர். எங்களுக்குச் சிலபஸ் முடிக்கவே நேரம் காணாது” என்றேன்.

“முடிக்கிற நாம. பிள்ளைகள் எங்க நிக்கிதுகள் எண்டு தெரியாதே” என்றீர்கள்.

இடைவேளைகளில் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொன்னீர்கள். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். கப்பல்துறையிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை, ‘ஒரு கூடையில் இருந்த நாற்பது மீன்களில் அரைவாசி விற்கப்பட்டது. எஞ்சிய மீன்கள் எத்தனை?’ என்று தடங்கலில்லாமல் வாசித்தாள்.

“எஞ்சிய மீன் எண்டா என்ன மகள்?”

“எஞ்சின் போட்டில பிடிச்ச மீன், டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. “கூடையில இருந்த நாப்பது மீனில அரைவாசி வித்தாச்சு. மிச்சம் எவ்வளவு?” என்று மாற்றிக் கேட்டீர்கள். அவள் விரல்கூட மடிக்காமல் விடை சொன்னாள். அவள் போனபின் நீங்கள் கொப்பியை மூடினீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: “இவ்வளவு காலமும் இதுகளுக்குக் கணக்குத் தெரியா எண்டு சிவப்புப் பேனையால வெட்டினது நான், டீச்சர்.”

அந்த மாதமே வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஏறியது. பாடப்புத்தகச் சொல் ஒரு பக்கம், பிள்ளைகள் வீட்டில் சொல்லும் சொல் மறு பக்கம். கணக்கைத் தொடுமுன் தெரியாத சொல்லுக்குக் கோடு போட வேண்டும் என்று பழக்கினீர்கள்.

பிறகு என்னைக் கடைசி வாங்கில் இருந்து உங்கள் பாடத்தைக் கவனிக்கச் சொன்னீர்கள். நான் கண்டதைச் சொல்லப் பயமாக இருந்தது. “சொல்லத்தானே கூப்பிட்ட நான்” என்றீர்கள். சொன்னேன்: “நீங்க கேள்வி கேட்டிட்டு, பிள்ளைகள் வாய் திறக்க முதல் நீங்களே பதிலைச் சொல்லுறீங்கள்.”

உங்கள் முகம் கறுத்தது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கொப்பியை விரித்து என் முன்னால் வைத்தீர்கள். நான் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதி, கீழே ‘இது என் பிழை’ என்று ஒப்பமிட்டிருந்தீர்கள்.

“இனி நான் உங்கட வகுப்புக்கு வாறன்” என்றீர்கள்.

அடுத்த கிழமை என்றேன். பிறகு ஆய்வுகூடம் திருத்துகிறார்கள் என்றேன். பிறகு பரீட்சை வருகிறது என்றேன். நீங்கள் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். என் வகுப்பில் நீங்கள் எதைக் காண்பீர்களோ என்ற பயம். அந்தத் தவணை முடியுமுன் உங்களுக்கு வருத்தம் வந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் குரற்பதிவு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசியிருந்தீர்கள். “கொப்பி அலுமாரியில இரிக்கி. ரெண்டாம் சுற்று முடியல்ல. முடிச்சு விடுங்க டீச்சர். என்ட பிழை இருக்கிற பக்கத்த மட்டும் கிழிச்சு எடுத்திராதீங்க.” பத்து நாளில் மௌத்துச் செய்தி வந்தது. ஜனாஸா நல்லடக்கத்துக்குக் கிண்ணியா வந்தபோது உங்கள் உம்மா என் கையைப் பிடித்து, “பள்ளிக்கூடக் கதைதான் கடைசி வரைக்கும்” என்றார்.

அடுத்த தவணை முழுக்க இடைவேளைகளில் பிள்ளைகளோடு நான் இருந்தேன். பலர் முன்னேறினார்கள். சிலருக்குச் சொல் விளங்கியும் கணக்கு விளங்கவில்லை, அதையும் எழுதினேன். எல்லாவற்றையும் அறிக்கையாக்கி வலயக் கூட்டத்தில் வாசிக்கக் கொண்டுபோகுமுன், அதிபர் பார்த்துவிட்டு உங்கள் பிழை இருந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

“இது தேவையா? பள்ளிக்கும் கூடாது. மௌத்தான மனிசிக்கும் அவமரியாதை.”

“அவ தானே ஒப்பம் வைச்சிருக்கிறா, சேர். எடுக்க ஏலாது.”

“அப்ப நான் அனுமதி தராட்டி?”

“நான் எழுந்து நிண்டு, ஒரு பக்கம் குறையுது எண்டு சொல்லுவன்.”

அதிபர் அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசித்தார். பிறகு அறிக்கையைத் திருப்பித் தந்தார். அன்று அந்த மண்டபத்தில் உங்கள் பிழையை ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தேன். வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் யாரோ ஒருவர், “நானும் அப்படித்தான் செய்யிறனான்” என்றார். அதற்குப் பிறகுதான் அங்கே உண்மையான கதை தொடங்கியது.

ஆனாலும் என் வகுப்புக் கதவு மூடியபடியே இருந்தது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன செவ்வாய்க்கிழமைதான் புல்மோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த ஆங்கில டீச்சரைக் கூப்பிட்டு, “வந்து பாருங்கோ, பிழையைச் சொல்லுங்கோ” என்றேன். பாடம் முடிந்ததும் அவர் தயங்கினார்.

“கோவிக்க மாட்டீங்க தானே? யன்னலோரம் இருக்கிற பிள்ளைகளிட்ட நீங்க ஒரு கேள்வியும் கேக்கல்ல.”

மறுத்துச் சொல்ல வாய் வரை வந்தது. யன்னலோரம் இருப்பவர்கள் யார் என்று யோசித்தேன். இரண்டு பேருடைய பெயர்கூட எனக்கு உடனே வரவில்லை. அன்றே உங்கள் கொப்பியில் எழுதி, திகதி போட்டு, என் ஒப்பத்தை வைத்தேன்.

அந்தப் பெயர்களை இப்போது படித்துவிட்டேன், டீச்சர். நாளை மூன்றாம் பாடவேளை எனக்கு அந்த வகுப்பு. முதல் கேள்வி யன்னலோரத்துக்கு. பதில் வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், நான் வாய் திறக்க மாட்டேன்.