வெங்காயம் விழுந்த பிரசாதம்

வையம்பட்டி,
28-11-63.

அன்புள்ள அமிர்தத்துக்கு உன் புருஷன் வீரமலை எழுதுவது. நானும் கோழிகளும் ஒருவர் சமையலை ஒருவர் சகித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

ஊரில் என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைத் திருச்சியில் டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரிந்தால் நம்மை யாரும் கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, நீ ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டலம் தங்கிப் பெருமாளைச் சேவிக்கப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தேன் அல்லவா? நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது. நீ வரவில்லை. இன்னொரு மண்டலம் இருக்கச் சொல்லிப் பெருமாளே உத்தரவு கொடுத்துவிட்டார் என்றேன். பக்கத்து வீட்டு மயிலம்மாள், "யார் காதுல வந்து சொன்னாரு?" என்று கேட்டாள்.

அதோடு விட்டார்களா? நான் திருச்சிக்குப் போய் வரும்போதெல்லாம் பிரசாதம் எங்கே என்று தெருவே கேட்க ஆரம்பித்தது. போன தடவை உன்னைப் பார்த்துவிட்டு வருகிற வழியில், பாலக்கரையில் ஒரு ஹோட்டலில் புளிசாதம் வாங்கி, வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். பெட்டிக்கடைப் பிச்சை மட்டும் பொட்டலத்தை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஏங்க வீரமலை, ரெங்கநாதர் வெங்காயம் சாப்பிட ஆரம்பிச்சுட்டாருங்களா?" என்றான். வதக்கிய வெங்காயம், விரல் நீளத்துக்கு! மடப்பள்ளியில் ஆள் மாறிவிட்டார்கள் என்று ஏதோ உளறினேன். தெருவே சிரித்தது.

மயிலம்மாள் சிரிக்கவில்லை. மறுநாள் தனியாக வந்து, "அண்ணே, நீங்க அமிர்தத்தைக் கூட்டிட்டுப் போன ஸ்ரீரங்கத்துக்கு இவரையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் புருஷன் ஆண்டிக்கு மூன்று மாதமாக இருமலாம். சைக்கிளில் வருகிற ஊசிக்காரருக்கு இரண்டு ஆடும், டானிக் பாட்டிலுக்கு அவள் தோடும் போய்விட்டதாம். இருமல் மட்டும் போகவில்லை. நான் உண்மையைச் சொல்லி, அங்கே மருந்துக்குக் காசில்லை, பஸ்ஸுக்குத்தான் காசு என்றேன். தோட்டைத் தொட்டுப் பார்க்கிறவள் போல வெறும் காதைத் தடவிக்கொண்டு அழுதாள்.

ஆண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, படுக்கை வேண்டாம், மாதம் ஒரு தரம் வந்து மாத்திரை வாங்கிக்கொள், ஒரு வருஷம் விடாமல் சாப்பிடு, தினம் ஒரு முட்டையும் சாப்பிடு என்றார் டாக்டர். "முட்டையை வித்துத்தாங்க பஸ்ஸுக்கே வந்தோம்" என்றான் ஆண்டி. டாக்டர் கடகடவென்று சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாத்திரையை எழுதிவிட்டு, தினம் ஒரு முட்டை என்று எழுதியிருந்ததில் 'தினம்' என்பதை மெதுவாக அடித்துவிட்டு, "கிடைச்சா" என்று சேர்த்து எழுதினார்.

இப்போது ஊருக்கே தெரியும். பயந்ததில் பாதிதான் நடந்தது. இரண்டு வீட்டில் எனக்குத் தனித் தம்ளர். மூன்று வீட்டில் அடுத்த தடவை எப்போது போகிறீர்கள், எங்கள் வீட்டிலும் ஓர் இருமல் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

இருமல் நின்றுவிட்டது, கடலை பறிக்க வந்துவிடுகிறேன், ஆளுக்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வராதே. இருமல் நின்றதும் ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தால், உனக்கு அங்கே போடுகிற ஊசி அவர்களுக்கு மறுபடி கேட்பதில்லையாம். டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நம் கடலையை மயிலம்மாள் பறித்துக் கொடுக்கிறாள். கூலி என்றால் அடிக்க வருகிறாள்.

பசு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பசு சௌக்கியம். மணப்பாறையில் ஒருவர் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது. கோபப்படாதே, கோபப்பட்டால் மூச்சு இரைக்கும். மாட்டுக்கு வாராவாரம் சந்தை கூடுகிறது, எப்போது வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் போதும் என்று சொல்கிற வரைக்கும் நீ அந்தக் கட்டிலை விட்டு இறங்காதே, தாயே.

இப்படிக்கு,
வீரமலை