பாப்பாவுக்கு வந்தது சளி இல்லை

மஸ்கட்டில் இருக்கும் என் கண்ணு சுதாராணிக்கு, கொட்டச்சேட்டிலிருந்து அப்பா எழுதறது. இங்க ஊட்டுல எல்லாரும் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற சாமியும் சௌக்கியமா இருக்கணும்னு சேர்வராயனைக் கும்பிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மழை இன்னும் விட்டபாடில்ல, காப்பிப் பழம் செடியிலயே வெடிச்சுக் கொட்டுது, எஸ்டேட் ஜீப்பை எடுத்தா திரும்பி வர்றதுக்குள்ள துணியெல்லாம் சேறு. போன்ல பேசாம அப்பா ஏன் எழுதறாருன்னு நினைப்பே. போன்ல பேசுனா பக்கத்துல உங்கம்மா இருப்பா. அதனால பக்கத்து ஊட்டு மரியபுஷ்பம் மகன் அங்க வேலைக்குத் திரும்பறான்னு கேள்விப்பட்டு அவன் கையில குடுத்து விடறேன். உக்காந்துக்கிட்டுப் படி கண்ணு.

உங்கண்ணன் குழந்தைக்கு சளி, அதான் ஆஸ்பத்திரியில வெச்சிருக்கோம்னு உங்கிட்டச் சொன்னோம். அது சளி இல்லை. பாப்பாவுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சப்ப, பிறந்த முடி கொட்டறதுதானேன்னு இருந்துட்டோம். அப்புறம் புருவமும் கொட்டுச்சு, வாயைச் சுத்தியும் கண்ணைச் சுத்தியும் செவந்து தோல் உரிஞ்சுது, அக்கின்னு சொல்லி மருந்து தடவுனோம். குழந்தை தொவண்டு தொவண்டு விழுந்தது, தலையே நிக்கல. அன்னைக்குக் காலையில பால் குடிச்சுக்கிட்டு இருந்த புள்ளைக்குக் கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. பெத்தவ சங்கீதா அப்படியே தூக்கிக்கிட்டு ஓடியாந்து ஜீப்புல ஏறிட்டா. குப்பனூர் வழியா மலை இறங்கிடலாம்னு போனா பாதியில மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக் கெடக்குது. திருப்பிக்கிட்டு ஒண்டிக்கடை முக்குக்கு வந்து, அடிவாரத்துக்குப் போற ரோட்டுல இறங்குனேன். வளைவுக்கு வளைவு பனி, முன்னால ஒரு பஸ், வழி உடமாட்டேங்கிறான். பின்னால உங்கண்ணன் கோகுல், "அப்பா சீக்கிரம், அப்பா சீக்கிரம்"னு அதையே சொல்லிக்கிட்டு வந்தான். இத்தனை வருசம் வண்டி ஓட்டுன நான் அன்னைக்குத்தான் ஆரன்ல வெச்ச கையை எடுக்காம இறங்குனேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில வலிப்பு மருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு குடுத்தாங்க, நிக்கறதும் திரும்ப வர்றதுமா இருந்துச்சு. மறுநாள் வேற ஒரு டாக்டரம்மா வந்து பாப்பாவோட தலையையும் வாயோரத்தையும் நல்லாப் பாத்துட்டு, சொந்தத்துல கட்டுனீங்களான்னு கேட்டாங்க. ஆமாங்க, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தோம், என் மகளை என் சம்சாரத்தோட அண்ணன் மாதையன் மகன் சக்திவேலுக்குக் குடுத்தோம், அவன் தங்கச்சி இந்தச் சங்கீதாவை என் மகனுக்கு எடுத்தோம்னு சொன்னேன். அப்புறம் அவங்க விளக்கிச் சொன்னாங்க. பயோட்டின்னு ஒரு சத்து, பி வைட்டமின்ல ஒண்ணு, அதிகம் யாரும் பேசாதது. முட்டை மஞ்சக்கரு, நிலக்கடலை, தாய்ப்பால் எல்லாத்துலயும் இருக்குதாம். நம்ம உடம்பு அதைப் பிரிச்செடுத்துத் திரும்பத் திரும்ப வெச்சுப் பொழங்கிக்குமாம். பாப்பா உடம்புல அதைப் பிரிச்செடுக்கற பயோட்டினிடேஸ்ங்கிற பொருள் இல்லை, சத்து தங்காம ஒண்ணுக்குல போயிடுது. ரத்தத்தை சென்னைக்கு அனுப்பியிருக்கோம், முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கலாம்னாங்க. மாத்திரையைப் பொடி பண்ணித் தாய்ப்பால்ல கரைச்சு பாலாடையில ஊத்துனாங்க. எனக்கு நம்பிக்கையே இல்லை கண்ணு, அத்தனை ஊசியில நிக்காதது ஒரு சத்து மாத்திரையிலயா நிக்கும்னு மனசுக்குள்ள ஒரே கோவம். ஆனா நின்னுச்சு. ரெண்டு மூணு நாள்ல வலிப்பு நின்னு, பாப்பா முகம் பாத்துச் சிரிச்சுது. கோகுல் வராண்டாவுக்குப் போய் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதான். அப்புறம் சென்னையிலிருந்தும் அதேதான்னு சொல்லி வந்துச்சு.

இப்ப தோல் ஆறிப்போச்சு, தலையில பூ மாதிரி முடி மொளைக்குது. ஆனா காது டெஸ்ட்டுல ரெண்டு காதும் மந்தம்னு வந்திருக்கு. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னால போனது, திரும்பி வர்றது கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, மெஷின் வெச்சுப் பேச்சுப் பழக்கணும். பொறந்தவுடனே மாத்திரை குடுத்திருந்தா இது எதுவும் வந்திருக்காதாம்.

உனக்கு இதை ஏன் எழுதறேன்னு இந்நேரம் உனக்குப் புரிஞ்சிருக்கும். கோகுலுக்கும் சங்கீதாவுக்கும் உடம்புல ஒரு கொறையும் இல்லை, ஆனா ரெண்டு பக்கமும் மறைஞ்சிருந்தது குழந்தைகிட்டச் சேர்ந்துடுச்சு. நீயும் மாப்பிள்ளையும் அதே ரெண்டு ஊட்டுப் புள்ளைங்கதானே. உம் புள்ளைக்குக் கட்டாயம் வரும்னு இல்லை, வராமப் போறதுக்குத்தான் அதிக வாய்ப்புன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிரசவம் முடியற வரைக்கும் உன் காதுக்கு இது போகக் கூடாதுன்னு உங்கம்மா ஒரே பிடிவாதம், வயித்துப்புள்ளைக்காரி பயந்துக்குவான்னு. உன் மாமனாரு அதுக்கும் மேல, வெளிய தெரிஞ்சா நம்ம ரத்தத்துலயே கொறைன்னு ஊர் பேசும், யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு என்கிட்டச் சண்டைக்கே வந்துட்டாரு. நானும் அவங்க சொன்னதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சங்கீதாதான் அவங்கப்பா முன்னாலயே பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா, "மாமா, அண்ணிக்குச் சொல்லிடுங்க. நான் பாத்ததை அவங்க பாக்க வேண்டாம்." அதுக்கப்புறம் மாதையன் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

பயப்படாத சாமி. அடுத்த தடவை செக்கப்புக்குப் போறப்ப மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போய், எங்கண்ணன் குழந்தைக்கு பயோட்டினிடேஸ் குறைபாடுன்னு டாக்டர்கிட்டச் சொல்லு. நீயா கடையில மாத்திரை வாங்கித் தின்னுடாத, அவங்க சொல்றபடி செய். நல்லாச் சாப்பிடு, வேலை வேலைன்னு வயித்தைக் காயப்போடாத. உங்கம்மா என்மேல கோவிச்சுக்குவா, அதை நான் பாத்துக்கறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நூறாயுசு இருக்கணும். புள்ளை பொறந்ததும் ஆஸ்பத்திரியில குதிகால்ல ரத்தம் எடுத்து இந்த டெஸ்ட் பண்ணச் சொல்லணும், அவங்க மறந்தாலும் நீ விடக்கூடாது. பையனா பொண்ணான்னு எனக்கு அப்புறம் சொல்லிக்கலாம் கண்ணு, ரத்தம் எடுத்தாச்சுன்னு முதல்ல சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
சேகர்