ஒன்பதாம் எண் குதிரையின் குளம்புகள்

பிப்ரவரி 2, காலை 6.10

இடம்: குளம்பு நோய் ஆய்வு நிலையம், நீலகிரி மேல்முகாம். எழுதுபவர்: டாக்டர் செலின் ராஜமாணிக்கம், கால்நடை நோயியல், வயது எழுபத்திரண்டு. பணியாளர்கள் மூவரையும் முந்தாநாள் கீழே அனுப்பிவிட்டார்கள். என்னையும் அழைத்தார்கள். மறுத்தேன்.

வெப்பம் ஒன்பது டிகிரி. ஈரப்பதம் எழுபத்தெட்டு. குதிரைகள் நான்கு. எண் 3: முன் வலது குளம்புச் சுவர் நான்கு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. எண் 5, எண் 14: நான்கு கால்களிலும் நோய். எண் 9: நோய் இல்லை. மூவருக்கும் குளம்பு கழுவி மருந்திட்டேன். எண் 9 கழுவ விடவில்லை. இரண்டு முறை உதைத்தது. என் கை அதற்குப் புதிது என்பதால் இருக்கலாம். மாலை மீண்டும் முயல வேண்டும்.

காலை 7.40

இந்த நோட்டை எடுப்பவர் யார், எந்த ஆண்டில் எடுப்பார் என்று தெரியாது. ஆகவே சுருக்கமாக: சூரியப் புயலில் வண்டிகளின் மின்மூளைகள் கருகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கிராமங்களுக்கு உப்பு, அரிசி, தடுப்பூசி எல்லாம் குதிரை முதுகில்தான் போகின்றன. குதிரை நின்றால் முதலில் குழந்தைகள் சாவார்கள். இப்போது குதிரைகள் நிற்க முடியாமல் விழுகின்றன.

காரணம் ஒரு பூஞ்சை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவில் குவியும் முடியைத் தின்பதற்காக மனிதர் வளர்த்தது. முடியும் குளம்பும் நகமும் ஒரே பொருளால் ஆனவை. பூஞ்சைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. உயிருள்ள குளம்பைச் சதையிலிருந்து கழற்றிவிடுகிறது.

இதற்கு நான் வகுத்ததே செலின் முறை. நாளுக்கு இரு வேளை, கெட்டித் தூரிகையால் தேய்த்து, ஃபார்மலின் கரைசலில் கழுவுதல். நாட்டின் பதினான்கு நிலையங்களிலும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். இங்கே இருபத்திரண்டு குதிரைகளில் பதினெட்டு இறந்தன. ஆனாலும் எண் 9 நாற்பத்தொரு நாள் கழுவப்பட்டு முழு நலத்தோடு நிற்கிறது. ஒன்று தப்பினால் பத்தைத் தப்பவைக்க வழி உண்டு.

பிப்ரவரி 3, காலை 11.00

நோய்க் கட்டுப்பாட்டகத்திலிருந்து இணை இயக்குநர் பூவராகன் ரேடியோவில் பேசினார். அப்படியே பதிகிறேன்.

"மேடம், மேலிடத்து உத்தரவு. இருபதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா நிலையத்துலயும் மீதி இருக்கற குதிரைகளைச் சுட்டு எரிக்கணும். உங்க இடத்துக்கும் ஆள் வருவாங்க."

"எத்தனை குதிரைகள் மீதி?"

"நாடு முழுக்க நூத்திப்பத்து."

"எண் 9 பற்றிய என் அறிக்கையை வாசித்தீர்களா?"

"அது ஒண்ணுதான மேடம். கழுவினா குணமாகும்னு அது ஒண்ணை வெச்சு எப்படிச் சொல்றது?"

பதினேழு நாட்கள் இருக்கின்றன என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார். விடைபெறும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

பிப்ரவரி 5, மாலை 4.20

எண் 3 இன்று விழுந்தது. கடைசி ஊசி போட்டேன். தலை என் மடியில் இருந்தது. ஆறு நிமிடம்.

எண் 9 ஐந்தாம் முறையாகக் கழுவ மறுத்தது. இந்தத் தடவை வாளியை உடைத்துவிட்டது. கீழ்வாயிலில் லாடம் அடிக்கும் காசிம் இருக்கிறார். வேலிக்கு வெளியே கூடாரம் போட்டுக்கொண்டு தீவனம் அனுப்புகிறவர் அவர்தான். ரேடியோவில் அவரைக் கேட்டேன்.

"காசிம், ஒன்பதைக் கழுவும்போது பணியாளர் பிள்ளைகள் எப்படிக் கட்டினார்கள்? மூக்குக்கயிறா, கால்கயிறா?"

"எதைங்கம்மா? பிடாரியையா?"

"பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்."

"சரிங்கம்மா. அந்த ஒன்பதாம் நம்பர் பிடாரியைக் கழுவுனாங்களா? யாரு?"

"அட்டவணையில் எண்பத்திரண்டு குறி இருக்கிறது. நாற்பத்தொரு நாள், இரு வேளை."



"டாக்டரம்மா, கோவிச்சுக்கக் கூடாது. மொத நாளே அது நம்ம வேலைக்காரப் பையன் வேலுச்சாமியத் தூக்கி வீசிருச்சுங்க. அப்புறம் யாரும் கிட்டப் போகல. உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு அட்டவணையில டிக் போட்டுட்டாங்க."

"ஏன் பயம்?"

"குளம்ப அளந்ததுல அரை மில்லிமீட்டர் தப்புன்னு நீங்க ஒருக்கா அந்தப் பையன அழ வெச்சீங்களேம்மா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அது அரை மில்லிமீட்டர் இல்லை, முக்கால்.

பிப்ரவரி 6, காலை 5.50

உறங்கவில்லை. ஆனால் மனம் தெளிவாக இருக்கிறது.

குதிரைக் குளம்பின் மேல் இயற்கையாக ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. கண்ணாடித்தாள் அளவு மெல்லியது. எண் 9, எண் 5, எண் 14 மூன்றிலிருந்தும் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். எண் 9-இல் பூச்சு முழுமையாக இருக்கிறது. பூஞ்சை அதன்மேல் வந்து உட்கார்ந்து, வழியில்லாமல் காய்ந்து கிடக்கிறது. மற்ற இரண்டிலும் பூச்சே இல்லை. தூரிகையும் ஃபார்மலினும் அதைத் தின்றுவிட்டன. முதல் பத்து நாள் கழுவலில் மேலோட்டமான பூஞ்சை செத்து, நோய் குறைவதுபோல் எண்கள் காட்டும். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். பிறகு கதவில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் அது நுழைகிறது.

பதினெட்டு குதிரைகளை நோய் கொல்லவில்லை. நான் கொன்றேன். இப்போது பத்தொன்பது.

எங்கள் கான்வென்டில் திங்கள்தோறும் நகம் பார்ப்பார்கள். அழுக்கிருந்தால் பிரம்பால் ஓர் அடி. பதினொரு வருடத்தில் நான் ஓர் அடியும் வாங்கியதில்லை. சுத்தம் எதையும் காக்கும் என்று அறுபது வருடம் நம்பினேன். அது தவறு என்று என் எதிரில் சொல்ல ஓர் ஆளும் துணியவில்லை. என் கணவர் ராஜமாணிக்கம் இறக்கும்வரை என் சமையல் பிரமாதம் என்றார். இன்று அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

பிப்ரவரி 6, காலை 10.15

கட்டுப்பாட்டகத்திடம் சொன்னேன்: "செலின் முறை தவறு. எல்லா நிலையங்களிலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்."

பூவராகன்: "மேடம், பதினாலு நிலையத்துக்கும் அந்த முறையைக் கையெழுத்துப் போட்டு அனுப்பினவன் நான்."

"எழுதியவள் நான். பழியை என் பெயரில் போடுங்கள். இடம் இருக்கிறது."

"ஒரே ஒரு குதிரை மேடம். அதுவும் கழுவலைன்னு ஒரு லாடக்காரர் சொல்றார். இதை வெச்சு உத்தரவை மாத்த முடியாது. மறுபடி சோதனை பண்ணிக் காட்டுங்க. ஒரே பூஞ்சை, ஒரே சூழல், கழுவினது ஒண்ணு, கழுவாதது ஒண்ணு."

"கழுவாத குளம்புள்ள வேறு குதிரை என்னிடம் இல்லை. போன பூச்சு திரும்ப வளர மாதங்கள் ஆகும்."

"அப்ப முடியாதுங்களே."

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. சோதனை இல்லாமல் பேசக்கூடாது.

பிப்ரவரி 6, பகல் 12.30

பூஞ்சைக்கு வேறுபாடு தெரியாது என்று இரண்டாம் தேதி நானே எழுதியிருக்கிறேன். நகத்தின் மேலும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு.

சோதனை தொடக்கம். பொருள்: மனித நகம். எண்ணிக்கை பத்து. எண் 3-இன் குளம்பிலிருந்து எடுத்த பூஞ்சையைப் பத்து நகங்களின் அடிவிளிம்பிலும் சம அளவில் பூசினேன். வலது கை: நாளுக்கு இரு வேளை செலின் முறை, ஒரு குறையும் வைக்காமல். இடது கை: கழுவுவதில்லை. உறை மாட்டி மூடி வைக்கிறேன்.

காசிமிடம் தெரிவித்தேன். "ஏனுங்கம்மா, குதிரைக்குப் பைத்தியம் பிடிச்சாப் பாத்திருக்கேன், டாக்டருக்குப் பிடிச்சு இப்பத்தான் பாக்கறேன்" என்றார். தினமும் அளவுகளைச் சொல்கிறேன், சாட்சியாக எழுதி வையுங்கள் என்றேன். எழுதத் தெரியாதாம். கரிக்கட்டியால் கோடு போடுகிறேன் என்றார். போதும்.

பிப்ரவரி 11, காலை 6.00

எண் 5, எண் 14 இரண்டும் நேற்று முடிந்தன. எண் 9 மட்டும்.

வலது கை: கட்டைவிரல், நடுவிரல் நகங்கள் வெளுத்து அடியில் விலகுகின்றன. இடது கை: மாற்றம் இல்லை.

வலி சொல்லும்படியானது. அதைச் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 15, காலை 6.30

வலது கை: மூன்று நகங்கள் உதிர்ந்தன. இரண்டு ஆடுகின்றன. இன்றும் இரு வேளை கழுவுவேன். பாதியில் நிறுத்தினால் சோதனை செல்லாது. இடது கை: ஐந்தும் உறுதி. பூஞ்சை மேலே காய்ந்து தூளாக உதிர்கிறது.

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். வாழ்நாளில் முதல்முறை.

ஒன்பது இன்று வாளியை உடைக்கவில்லை. வாளியை எடுத்துப் போகவில்லை. தீவனம் மட்டும். என் தோளில் மூக்கை வைத்தது. நான் விலகவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 18, காலை 9.00

முடிவுகளைப் பூவராகனிடம் வாசித்தேன். "நீங்க செஞ்சது சட்டவிரோதம் மேடம், இதை என்னால ஏத்துக்க முடியாது" என்றார். அவர் ஏற்க வேண்டியதில்லை. எல்லா நிலையங்களும் கேட்கும் பொது அலைவரிசைக்குப் போனேன்.

"நான் செலின் ராஜமாணிக்கம். நான் சொன்ன முறை தவறு. அது குதிரையைக் கொல்கிறது. கழுவாதீர்கள். இங்கே ஒரே ஒரு குதிரை பிழைத்தது. அதைக் கழுவியதாக அட்டவணை சொல்கிறது, அட்டவணை பொய். உங்கள் நிலையத்திலும் யாரும் கிட்டே போகத் துணியாத ஒரு குதிரை இருக்கும். கழுவாமலே குறி போட்டிருப்பார்கள். யாரையும் திட்டாமல் கேளுங்கள். பிறகு போய் அதன் குளம்பைப் பாருங்கள்."

ஓர் ஆண்குரல், பெயர் சொல்லவில்லை: "போன மாசம் கழுவுன்னீங்க, இந்த மாசம் கழுவாதேங்கறீங்க. அடுத்த மாசம் பொங்கல் வெச்சுக் கிடா வெட்டச் சொல்வீங்களாம்மா?"

"அடுத்த மாதம் நான் இருந்தால் யோசித்துச் சொல்கிறேன். இப்போது குளம்பைப் பாருங்கள்."

பகல் 1.40

ஆறாம் நிலையம், ஜவ்வாது மலை. டாக்டர் மதுமிதா என்று ஒரு பெண். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"அம்மா, இருக்கும்மா! ஒரு கறுப்புக் குதிரை. கடிக்கும்னு யாரும் தொடலையாம். எங்கிட்ட ஒருத்தனும் வாயத் திறக்கல. நாலு காலும் கண்ணாடி மாதிரி இருக்கு. பிரஷ்ஷையெல்லாம் தூக்கிப் போட்டுட்டோம்."

2.15: பதினோராம் நிலையம். இரண்டு குதிரைகள்.

2.50: நான்காம் நிலையம். ஒன்று.

3.05: பெயர் சொல்லாத அதே ஆண்குரல். "எங்க கிட்டயும் ஒண்ணு இருக்குங்கம்மா." அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை. அவசியமும் இல்லை.

பிப்ரவரி 19, மாலை 5.00

கட்டுப்பாட்டகம் உத்தரவை இன்னும் மாற்றவில்லை. நாளை பன்னிரண்டு மணிக்கு நூற்றுச் சொச்சம் குதிரைகள். அவற்றில் கழுவப்படாதவை, இரவு வந்த தகவல்களையும் சேர்த்து, இதுவரை எட்டு. அந்த எட்டும் போனால் ஆதாரம் போய்விடும்.

வலது கை. ஐந்து நகங்களும் இல்லை. வெளுப்பு நகத்தோடு நிற்கவில்லை, தோலுக்குப் போயிருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர். தோலிலும் அதே பொருள்தானே. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இடது கை: ஐந்தும் நலம்.

பிப்ரவரி 20, பகல் 11.35

ஆட்கள் வந்துவிட்டார்கள். நான்கு பேர். துப்பாக்கி, மண்ணெண்ணெய். காசிம் வழிமறித்திருக்கிறார், தள்ளிவிட்டு வந்தார்கள்.

நான் லாயத்துக்குள். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. ரேடியோ பொது அலைவரிசையில். பதினான்கு நிலையமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

11.42

தலைவர் கதவைத் தட்டுகிறார். "அம்மா, வெளிய வாங்க. எங்களுக்கு உத்தரவு."

சோதனை முடிவு எழுதிய தாளைக் கதவிடுக்கில் நீட்டினேன். உரக்க வாசித்தால் திறக்கிறேன் என்றேன். அவர் கையிலும் ரேடியோ இருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி.

வாசித்தார். "வலது கை, கழுவினது, அஞ்சில் அஞ்சு போச்சு. இடது கை, கழுவாதது, அஞ்சில் நாலு..."

"ஐந்துக்கு ஐந்து நலம். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி வாசியுங்கள்."

11.47

மறுபடி வாசித்தார். குரல் மாறியிருந்தது. "இடது கை, கழுவாதது, அஞ்சுக்கு அஞ்சும் நல்லாயிருக்கு."

ரேடியோவில் யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். வேறு யாரோ. இன்னொருவர்.

11.50

சரியாக வாசித்துவிட்டார். வாக்கு வாக்குதான். தாழ்ப்பாளை எடுக்கிறேன்.

குதிரை எனக்குப் பின்னால். நகர்த்தமாட்டேன். நானும் நகரமா—