யூனோவின் நெற்றி

அக்கா,

உங்கள் குளிர்க்கோட்டை நேற்று உங்கள் மகன் கொண்டுவந்து தந்தான். கோட்டுப் பைக்குள் கறுப்புப் பிலிம் டப்பி ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்ததும் ஹம் நகரத்து அம்மன் கோயில் குங்குமத்தின் வாசம். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செத்தவர்களோடு சண்டை பிடிக்கக் கூடாதாம். எனக்கு உங்களோடு சண்டை இருக்கிறது.

அந்த மியூசியத்தில் கதவு திறக்குமுன் தரை துடைத்தவர்கள் நாம். அகராதியை வைத்து நானாகவே ஜெர்மன் படித்த திமிர் எனக்கு. சலவைக்கல்லில் செய்த அந்தப் பெண் தலைக்குக் கீழே இருந்த அட்டையை உங்களுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். ரோமரின் தெய்வம், பெயர் யூனோ, அவர்களுடைய பெரிய கடவுளின் மனைவி.

"அப்ப கட்டின பொம்பிளை," என்றீர்கள். "மூக்குத்தான் உடைஞ்சு போச்சு. நெத்தியும் வெறுமையாக் கிடக்கோணுமே?"

"அக்கா, இது கோயில் இல்லை."

"உனக்குப் படிப்புக் கூடிப்போச்சு. தும்புக்கட்டையைப் பிடி."

நவராத்திரி வெள்ளிக்கிழமை இந்த டப்பிக் குங்குமத்தில் அவளுக்குப் பொட்டு வைத்தேவிட்டீர்கள். நான் வாளித் துணியோடு ஓடி வந்தேன். "தண்ணி வேண்டாமடி! காய்ஞ்ச தூள், ஊதினாலே போகும்!" என்று கத்தினீர்கள். நான் எப்போது பிறர் சொல் கேட்டேன்? அழுத்தித் துடைத்தேன். சிவப்பு நெற்றி முழுக்கப் பரவி, கல்லுக்குள் இறங்கியது.

மேற்பார்வைக்காரி வந்து இது யார் வேலை என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள். "பூசியதும் நான், துடைத்ததும் நான்" என்று உங்களுக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் சொல்லி முடித்தீர்கள். அன்றே உங்கள் வேலை போனது.

"எனக்கு விசா இருக்கு," என்றீர்கள் ரயிலில். "உன்ர அகதி அன்ட்ராக்குக்கு இன்னும் முடிவு வரேல்லை. பிழை ஒண்டு எழுதினாங்களெண்டால் பிளேன் ஏத்திப்போடுவாங்கள். வாயை மூடிக்கொண்டு இரு."

இருந்தேன். மூன்று வருடம் அதே தரையைத் துடைத்தேன். எனக்கு விசா வந்தது. நீங்களோ ஓட்டல் குசினியில் உருளைக்கிழங்கு சீவிச் சீவிக் கை வெடித்து நின்றீர்கள். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே "விடடி, விசரி" என்பீர்கள். உங்களிடம் யார் கேட்டது அக்கா? என் பிழையை என்னிடமிருந்து பறிக்க உங்களுக்கு என்ன உரிமை?

இன்று காலை டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். தலையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஆனாலும் மயிர் தொடங்கும் இடத்தில் மெல்லிய சிவப்பு இன்னும் நிற்கிறது. அலுவலக மேசையில் இருந்தவரிடம் சொன்னேன்: "அந்தக் கறை என் வேலை. மற்றப் பெண் வைத்தது வெறும் தூள்."

அவர் சந்திப்பு நேரம் குறிக்கும் நாட்குறிப்பைத் திறந்தார். "டெர்மின் இருக்கிறதா?"

"உண்மை சொல்லவும் டெர்மினா?"

"ஆம்," என்றார், சிரிக்காமல்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி கிடைத்திருக்கிறது. நடந்ததை ஜெர்மனில் எழுதி வைத்துவிட்டேன், முதல் வரியில் உங்கள் பெயர். "விடடி" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. விடமாட்டேன். உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவேன். டப்பியும் பையிலேயே இருக்கும்.

பயப்படாதீர்கள். இந்த முறை தண்ணீர் தொடமாட்டேன்.