ஜூன் 24 வரை வைத்திருக்கவும்

விசேலியா, கலிஃபோர்னியா
30 மே 1995

அன்புள்ள ரஸ்ஸல்,

இந்தக் கடிதத்தைச் சாக்லேட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் உன் கை முதலில் எங்கே போகும் என்று தெரியாதா எனக்கு?

ஹேட்டிக்குப் பத்து மாதம் முடிந்தது. சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீ நாட்டின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைவரை நடக்கக் கிளம்பி, எழுநூறு மைல் பாலைவனத்தைக் கடந்துவிட்டாய், இனி மலை. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது இன்னும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. கணவாய்களில் பன்னிரண்டு அடி பனி என்று செய்தியில் சொன்னார்கள்.

பனிக்கோடரியைப் பெட்டிக்குள் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வைத்தால் நானே போகச் சொன்னதாக ஆகும். வைக்காவிட்டால் அது இல்லாமலே போவாய். கடைசியில் வைத்துவிட்டேன்.

பனி அதிகமென்றால் ஏறாதே. ஆனால் ஆகஸ்ட் 27க்குள் வந்துவிடு. 28 எனக்குப் பள்ளியில் ஆசிரியையாக முதல் நாள். அன்றிலிருந்து ஹேட்டி உன் பொறுப்பு என்று பேசியிருக்கிறோம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று எனக்கே தெரிகிறது. கல்லூரியில் தர்க்கம் படித்தவள் எழுதுகிற கடிதமா இது!

மலைக்கு நடுவே இண்டிபென்டன்ஸ் ஊரில் இறங்கி வாங்கவேண்டிய சாப்பாட்டுப் பெட்டியையும், மலை முடிந்தபிறகு வரும் ஆரிகன் பெட்டியையும் இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். ஆரிகன் பெட்டியில் ஒரு கடிதம் உண்டு. மலையைத் தாண்டியவன்தான் அதைப் படிக்கவேண்டும்.

உன்
மார்னி


கென்னடி மெடோஸ்
11 ஜூன்

மார்னி கண்ணே,

பெட்டி வந்தது. சாக்லேட் காலி.

மலையடிவாரக் கடை வாசலில் நடைப்பயணிகள் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் ஏறுவதாகவும் தெரியவில்லை, இறங்குவதாகவும் தெரியவில்லை. எல்லோர் மடியிலும் மலையின் வரைபடம், பேச்செல்லாம் பஸ் நேரம். பாதையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் விழுந்துவிடும்; ஊறுகாய் ஜாடியைச் சுமந்து நடப்பவன் ஊறுகாய். அவன் என் கோடரியைப் பார்த்துவிட்டான்.

"டேய், பொண்டாட்டியே கோடரி எடுத்துக் குடுத்து மலைக்கு அனுப்புறாளா? இன்ஷூரன்ஸ் எவ்வளவுடா போட்டிருக்க?"

வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாதிப் பேர் பஸ்ஸில் ஆரிகனிலுள்ள ஆஷ்லண்டுக்குப் போய், அங்கிருந்து வடக்கே நடக்கப்போகிறார்கள். பனி உருகியதும் திரும்பி வந்து மலையை முடிப்பார்களாம். நானும் ஊறுகாயும் நாளை ஏறி இரண்டு நாள் பார்க்கிறோம். சரிப்படாவிட்டால் நாங்களும் பஸ்தான். எதுவானாலும் உனக்கு ஓர் அஞ்சலட்டை வரும்.

ரஸ்ஸல்


விசேலியா
22 ஜூன்

அன்புள்ள ரஸ்ஸல்,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதுகிறேன். ஒன்று இண்டிபென்டன்ஸுக்கு, ஒன்று ஆஷ்லண்டுக்கு. இரண்டில் ஓர் ஊரில்தானே நீ இருக்கவேண்டும்? அட்டை வரவில்லை.

மலைக்காவல் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "பனி வருஷம்மா, எல்லாரும் லேட்டுதான்" என்றார் ஒருவர். உன் அம்மாவோ, "அவன் சின்னப் பிள்ளையிலேயே சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான்" என்கிறார். அது ஆறுதலா, என்மேல் குற்றமா என்று புரியவில்லை.

நீ ஆஷ்லண்டில் இருந்தால் இவ்வளவு பயந்ததற்காக என்னைக் கேலி செய். இண்டிபென்டன்ஸில் இருந்தால் அங்கேயே இரு. மேலே போகாதே.

மார்னி


விசேலியா
1 ஜூலை

ரஸ்ஸல்,

இண்டிபென்டன்ஸ் பெட்டி திரும்பி வந்துவிட்டது. 'வாங்க ஆள் வரவில்லை' என்று முத்திரை. அதற்குமேலே என் கையெழுத்திலேயே: 'நடைப்பயணி வருவார், ஜூன் 24 வரை வைத்திருக்கவும்.'

நாளுக்குப் பதினைந்து மைல் என்று கணக்கிட்டு, கூட ஆறு நாள் சேர்த்து அந்தத் தேதியைப் போட்டேன். பனியில் ஏழு மைல் நடந்தாலே பெரிது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நீ பஸ் ஏறியிருந்தால் இந்தப் பெட்டி நல்ல செய்தி. மலைக்குள் போயிருந்தால், இருபத்தாறாம் தேதி பசியோடு இறங்கி வந்து தபால் ஜன்னலில் நின்றிருப்பாய். "இன்னைக்குக் காலைலதான் திருப்பி அனுப்பினோம்" என்றிருப்பார்கள். அல்லது இறங்கியே வராமல்...

பெட்டி சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. ஒரு வேளை அதைத் தட்டிக்கொடுக்கிறேன், மறுவேளை அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பெட்டி அதே பெட்டிதான்.

இதை ஆஷ்லண்டுக்கு மட்டும் அனுப்புகிறேன். இன்னொரு பிரதி எழுதக் கை வரவில்லை.

மா.


ஆஷ்லண்ட், ஆரிகன்
3 ஜூலை

மார்னி,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிடு.

இரண்டாம் நாள் ஓர் ஓடையில் ஊறுகாயின் கால் வழுக்கியது. கோடரிக் காம்பை நீட்டித்தான் இழுத்தேன். கரையேறியதும் இருவரும் திரும்பி நடந்தோம். ஓடையில் போன காலணிக்குப் பதில் புதிது வாங்க நின்றுவிட்ட அவனிடம், தபாலில் போடச் சொல்லி உனக்கான அட்டையைக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

இங்கே உன் பெட்டி காத்திருந்தது. தபால் அலுவலகப் படியிலேயே கடிதத்தைப் பிரித்தேன். 'தாண்டிவிட்டாய்! உன்னைத் தடுக்கப் பார்த்தேனே, வெட்கமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். தாண்டாதவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொலைபேசியில் காசு போட்டேன், எடுத்துக்கொண்டேன். அட்டை கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வடக்கே நடந்தால் இங்கும் பனி. இன்று ஊருக்குத் திரும்பினால் உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம். கூடவே ஊறுகாய், மேல்பையில் இன்னும் தபாலில் சேர்க்காத என் அட்டையோடு. "அய்யய்யோ, அடிச்சுக்கூடப் போட்டுடுடா!" என்றான். இப்போதும் உன்னைக் கூப்பிட்டுப் பேசத் தைரியம் வரவில்லை; அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மலையில் பனி விலக செப்டம்பர் ஆகும். அதை முடித்துவிட்டு வந்தால் ஆகஸ்ட் 27 முடியாது. முடிக்காவிட்டால் நடுவே ஆயிரம் மைல் ஓட்டை விழுந்த பயணம். என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி.

ரஸ்ஸல்


விசேலியா
9 ஜூலை

அன்புள்ள ரஸ்ஸல்,

உயிரோடு இருக்கிறாய். உட்கார்ந்து அழுதேன், எழுந்து நின்று திட்டினேன். ஹேட்டி இரண்டுக்கும் கைதட்டினாள். காசு போட்டவன் எண்ணையும் அழுத்தியிருக்கலாம். அதை மறக்கச் சில நாளாகும்.

மலையைத் தாண்டியவனுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவைத்தேன். திரும்பி வந்தவனுக்கு எழுதிவைக்கத் தோன்றவே இல்லை. அது என் தவறு. இதுதான் அந்தக் கடிதம்: திரும்பினாயே, நல்லது.

நீ சொல்கிறபடி என்று என் தலையில் கட்டியிருக்கிறாய். சரி, சொல்கிறேன். வடக்கே முடிந்தவரை நட. கோடரியைத் தபாலில் அனுப்பிவிடு. திரும்பி வந்த பெட்டியை மறுபடி ஒட்டி அலமாரிமேல் வைத்திருக்கிறேன். தேதி எழுதிய இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்று. ஆயிரம் மைலும் அந்தப் பெட்டியும் எத்தனை வருஷமானாலும் காத்திருக்கட்டும்.

எங்கள் இருவருக்கும்தான் தேதி உண்டு. ஆகஸ்ட் 27.

மார்னி