ஒரே ஒரு ஏப்பம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மூன்று கிழமை கெஞ்சி, இன்றுதான் இவரைப் பொரளையில் இருதய டொக்டரிடம் கூட்டிப்போனேன். காத்திருக்கும்போது நெஞ்சு எரிகிறது என்றார். கைப்பையில் இருந்த ஃபுரூட் சோல்ட் பக்கெற் ஒன்றைப் பிரித்து, தண்ணீரில் கரைத்து நான்தான் கொடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த நுரைதான் மருந்து. குடித்தார். பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது.

“பாத்தீரே, வெறும் வாயு. எழும்பும், வீட்டை போவம்.”

“அடுத்த நம்பர் எங்கடதான். கொஞ்சம் இருங்கோ.”

இருக்கவில்லை. வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் சிரித்துக் கதைத்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

இப்போது அறையிலிருந்து கூப்பிடுகிறார். இன்னொரு பக்கெற் இருக்கிறதா என்று கேட்கிறார்.

இருக்கிறது.