தாமதம் என்று அடித்தால்

ஜூன் 3

ஆசிரியர் பிரிவின் எல்லாக் கணினிகளிலும் புதிய எழுத்து மென்பொருள் ஏறிவிட்டது. தகவல்: கணினிப் பிரிவுப் பெண், மதியம், நேரில். தன் இருக்கையில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் அனுப்பியிருக்கிறாள். பழையது இந்த மாதத்தோடு காலாவதியாம்.

விளையாட்டுச் செய்தியாளன் நாள் முழுக்கப் புலம்பினான். "சேவ் பட்டனை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

ஜூன் 4

'அணித் தலைவர் விலகக்கூடும் என்று கூறப்' என்பது வரைதான் அவன் அடித்தானாம். மீதி தானாக வந்து விழுந்தது: யார் கூறியது? பெயர் தேவை.

என் கணவரின் வாக்கியம். பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் எங்கள் செய்திகளின் ஓரத்தில் இதைத்தான் எழுதினார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

"யோவ், அண்ணன் உள்ளதான்யா இருக்காரு! செத்தும் விட மாட்டேங்கறாரு" என்று கத்தினான். அப்புறம்தான் பின்னால் என்னைப் பார்த்தான். "அண்ணி, நான் வந்து..."

"அதை விடு. பெயர் இருக்கா, இல்லையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கணினிப் பெண்ணிடம் கேட்டேன். "சார் மெஷின்லதான் பிழைத் திருத்தமெல்லாம் பக்காவா இருந்துச்சுக்கா. அதையே எல்லாருக்கும் போட்டுட்டேன். அவரு சேர்த்து வச்ச வாக்கியமும் கூடவே வரும்னு எனக்குத் தோணவே இல்ல." பழைய மென்பொருளில் இரண்டு மூன்று எழுத்து அடித்து, விசையைத் தட்டினால்தான் முழு வாக்கியம் விரியும். புதியது தட்டக் காத்திருப்பதில்லை.

ஜூன் 5

ஒவ்வொரு இருக்கையிலும் அவர் பேசுகிறார். தலையைக் குனிந்தே வேலை செய்தேன்.

ஜூன் 6

காலைப் பதிப்பு, ஐந்தாம் பக்கம், ரயில் நேர அட்டவணை. கடைசி வரிசையில் 'தாமதம்' என்று இருக்க வேண்டிய கட்டத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது:

இன்னிக்கு லேட்டாகும். காத்திருக்காதே. சாப்பிட்டுப் படு.

நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

இது எனக்கு வந்தது. இரவுப் பணி நாட்களில் அவருடைய அலுவலகக் கணினியிலிருந்து என் கைபேசிக்கு வரும். ஒரு சொல் மாறாது. திருத்தித் திருத்தி ஒரு வாக்கியத்தை முடிவு செய்துவிட்டார், இனி மாற்ற மாட்டார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அடித்தது இரண்டே எழுத்தா? தா, ம — அவ்வளவுதானா? நான் ஒவ்வொன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேனே.

மகளிடம் காட்டினேன். "அப்பா சோம்பேறின்னு உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு வாக்கியம் அடிக்க நேரமில்லாத மனுஷன், உனக்கு அனுப்ப மட்டும் மறந்ததில்லையேம்மா" என்றாள். என்ன பேச்சு இது. எனக்குக் கோபம் தீரவில்லை.

கைபேசியில் சரிபார்த்தேன். எல்லாம் அதே மூன்று வாக்கியம். கடைசி நாளுடையது மட்டும் வேறு: 'கிளம்பிட்டேன்.' அது அவர் கையால் அடித்தது. வண்டி நிறுத்துமிடம் வரைதான் வந்தார்.

ஜூன் 7

ஆசிரியர் குதித்துவிட்டார். "வாசகருக்கு நாம தாலாட்டுப் பாடிட்டு இருக்கோமா? இன்னிக்கே எல்லாத்தையும் எடுங்க."

கணினிப் பெண் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்க மெஷின்ல மட்டும் விட்டுடட்டுமா? ஆசிரியருக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன்."

தலையாட்டினேன்.

ஜூன் 9

மற்ற கணினிகளில் அவர் இல்லை. விளையாட்டுச் செய்தியாளன் 'கூறப்படுகிறது' என்று முழுதாக அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் கேக்க மாட்டேங்குது அண்ணி" என்றான்.

என்னுடையதில் இருக்கிறார்.

ஜூன் 12

பாலப் பணி பற்றிய செய்தி. 'தாமதம்' என்ற சொல் ஐந்து இடத்தில் தேவை. ஐந்து இடத்திலும் அவர் வந்தார். வந்ததைப் படிக்கிறேன், அழிக்கிறேன், சொல்லை அடிக்கிறேன். மறுபடி வருகிறார். நான்தான் அழிக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் என் விரலால்.

பிறகு, தேவையே இல்லாமல் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அடித்துப் பார்த்தேன். அதையும் அழித்தேன். எத்தனை தடவை என்று எழுத மாட்டேன்.

ஜூன் 13

'தாமதம்' வரக் கூடாதென்று 'பிந்தி' என்று எழுதினேன். 'பிந்தி முடியும் பாலம்'! அவர் இருந்திருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பார். இப்போது பக்கம் பார்ப்பவர் அப்படியே அனுப்பிவிட்டார். அச்சிலும் வந்துவிட்டது.

இந்தச் சொல் இல்லாமல் எத்தனை நாள் செய்தி எழுத முடியும்?

ஜூன் 14

என் கணினியிலிருந்தும் வாக்கியங்கள் நீக்கப்பட்டன. நீக்கியவள்: கணினிப் பெண். கேட்டவள்: நான்.

"நிஜமாத்தான் சொல்றீங்களாக்கா? எடுத்துட்டா திரும்பக் கொண்டுவர முடியாது."

"எடும்மா."

'தாமதம்' என்று அடித்தேன். 'தாமதம்' என்றே நின்றது.

பாலச் செய்திக்குப் பொறியாளரின் மறுப்பு இரவு ஒன்பது மணிக்குத்தான் வரும் என்று தெரிந்தது. வீடு திரும்ப நேரமாகும். மகளுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். இன்னிக்கு லேட்டாகும். காத்திருக்காதே. சாப்பிட்டுப் படு. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். இடையில் ஒரு பிழை விழுந்தது, திருத்தி அனுப்பினேன்.

இன்னும் பதில் இல்லை. அவளுக்கு ஏழரைக்கு வேலை முடியும்.